மஞ்சள் பிளேனில் ஒரு ஹெல்வி

1

இந்தக் கதையின் தொடக்கம் என்னுடையதல்ல என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பமுடியாத பகுதியெல்லாம் குன்பியோர்க் சொன்னது. நம்பும்படியாக இருக்கிற பகுதிகள் நான் இட்டுக்கட்டியவை.

குன்பியோர்க், நோர்வேயின் வடக்கே ட்ரொம்சோ விமான நிலையத்தில் வாசலில் நின்று ஆட்களை விமானத்துக்கு அனுப்புகிறவள். நான் அவளுக்கு எதிரே கோப்பி விற்கிறவள். இங்கிருந்து ஹம்மர்ஃபெஸ்டுக்கு இரண்டு மலிவுக் கம்பெனிகள் போட்டி போட்டுப் பறக்கின்றன. பெயர் எதற்கு, மஞ்சள், நீலம் என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள் விலையைக் குறைத்தால் நீலம் அதற்கும் கீழே போகும். மஞ்சள் மத்தியானம் கிளம்பினால் நீலமும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கிளம்பும். இப்போது டிக்கெட், என் கடையில் ஒரு கோப்பியும், கறுவாப் பணிசு என்கிற பட்டை பன்னும் விற்கிற விலைக்கு இறங்கிவிட்டது. சனம் என் பணிசைப் பார்த்து விலை கூட என்கிறது. அதில் எனக்குக் கோபம் உண்டு.

இந்த விலைக்கு ஓடினால் வாசலுக்குத் தனித்தனி ஆள் வைக்க முடியுமா? இரண்டு கம்பெனிக்கும் குன்பியோர்க் ஒருத்திதான். மஞ்சள் கழுத்துத்துணி கட்டி மஞ்சளை அனுப்புவாள். பிறகு தூணுக்குப் பின்னால் போய் நீலத்தைக் கட்டிக்கொண்டு பக்கத்து வாசலில் வந்து, அப்போதுதான் வேலைக்கு வந்தவள் மாதிரிச் சிரிப்பாள்.

போன தை மாதம் ஒரு நாள், அந்த நீலத்துணியோடேயே என் கடைக்கு வந்து நின்றாள்.

"தவா, மஞ்சளிலை ஏத்திவிட்ட மனிசி திரும்பி நீலத்துக்கும் வந்தா."*

"பகிடி விடாதை."

"பகிடியெண்டால் நான் ஏன் நடுங்கிறன்? கோப்பியைத் தா."

* என் கதையில் நோர்வேக்காரர் யாழ்ப்பாணத் தமிழில் பேசுகிறார்களே என்று குறைப்படாதீர்கள். எனக்குத் தெரிந்த பேச்சு அது ஒன்றுதான்.

2

ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஹம்மர்ஃபெஸ்டின் ஓடுபாதை மலைச்சரிவில் கிடக்கிற ஒரு சின்னத் துண்டு. காற்றுப் பிடித்தால் விமானம் இறங்காமல் திரும்பிவிடும். ஆகவே டிக்கெட் மலிந்ததும் சனம் ஒரு தந்திரம் கண்டுபிடித்தது. இரண்டிலும் பதிந்து வைப்பது. முதலில் எது பறக்கிறதோ அதில் ஏறிக்கொண்டு மற்றதை மறந்துவிடுவது.

அதனால் நீல வாசலில் குன்பியோர்க் ஒலிபெருக்கியில் கூப்பிடுகிற பெயர்களில் பாதி, ஏற்கனவே ஆகாயத்தில் இருக்கிறவர்களுடையவை. அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் வராதவரின் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கதவைச் சாத்தலாம் என்பது விதி. போனவர்களை வா வா என்று கூப்பிடுவாள். யாரும் பதில் சொல்லமாட்டார்கள். கதவைச் சாத்திவிட்டுக் கோப்பிக்கு வருவாள்.

அன்றைக்கு "ஹெல்வி ரந்தலா" என்று கூப்பிட்டாள்.

"ஓம்" என்று ஒரு குரல் கேட்டது.

வடக்கில் ஓம் என்பதை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சொல்வார்கள். பழகாதவருக்கு யாரோ திடுக்கிட்ட மாதிரி இருக்கும். அன்றைக்குத் திடுக்கிட்டது குன்பியோர்க். சிவப்புக் கம்பளித் தொப்பி, சாம்பல் நிறக் கோட்டு, கையில் ஆஸ்பத்திரிப் பை. சற்று முன்னர் மஞ்சள் வாசலால் அனுப்பிய அதே மனுஷி.

"நீங்கள் முதலே போயிட்டியள் எல்லோ?"

"எங்கை போனனான்? டொக்டரோடை கதைச்சுச் சுணங்கிப்போச்சு. இப்பதான் பஸ்ஸாலை இறங்கி ஓடிவாறன்."

"அப்ப, தங்கச்சி ஆரும் முன்னுக்குப் போனவவோ?"

"எனக்கு அப்பிடி ஆரும் இல்லைப் பிள்ளை. மனுசன் மட்டும்தான். அங்கை காரோடை நிப்பார்."

டிக்கெட்டை வைத்ததும் இயந்திரம் பச்சை காட்டியது. மஞ்சள் போய்விட்டது, ஏன் மினக்கெடுகிறாய் என்று நீலத்து விமானி உள்ளேயிருந்து கத்தினான். குன்பியோர்க் அவளை ஏற்றிவிட்டாள். நானும் பார்த்தேன். என்றாலும் நான் பார்த்தது அந்தச் சிவப்புத் தொப்பி என் கடையை இரண்டு முறை கடந்து போனதை மட்டுந்தான். இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போனது. திரும்பி வந்ததை நான் பார்க்கவில்லை.

இனி வருவது என் வேலை.

3

[ஹெல்வி வானத்திலிருந்து தன் ஊரின் விளக்குகளைப் பார்த்தபோது] வேண்டாம். எந்த ஹெல்வி என்று முதல் வரியிலேயே கேட்பீர்கள்.

[போட்டி என்பது நவீன பொருளாதாரத்தின்] இது கதையா, பேப்பர்க் கட்டுரையா?

[ஒட்லைஃப் கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டு நின்றார்.] இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

ஒட்லைஃப் ஹெல்வியின் கணவர். போன இலையுதிர்காலத்தில் அவள் வயிற்றில் ஏதோ கண்டார்கள். மருந்து ஏற்றினார்கள். இப்போது படம் எடுத்து முடிவு சொல்லத்தான் ட்ரொம்சோவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். என்னவாம் என்று இவர் போனில் கேட்டதற்கு, வந்து சொல்கிறேன் என்றுவிட்டாள். பிறகு அவள் போன் வேலை செய்யவில்லை. வடக்கில் சூரியனே எழும்பாத தை மாதத்து மத்தியானத்தில், விமான நிலைய விளக்குக்குக் கீழே அவர் தேவையில்லாமல் சுரண்டிக்கொண்டு நின்றார்.

மஞ்சள் இறங்கியது. சிவப்புத் தொப்பி வெளியே வந்தது. காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டார்.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லையாம்."

"ஒண்டுமில்லை எண்டால்?"

"ஒண்டுமில்லை எண்டால் ஒண்டுமில்லை, மனுசா! அண்டைக்குக் கண்டது இப்ப இல்லையாம். படத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தவை."

இந்த இடத்தில் [ஒட்லைஃப் விம்மி அழுதார்] என்று எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்த குன்பியோர்க் பேனையை வாங்கி வெட்டினாள். "ஹம்மர்ஃபெஸ்ட் ஆம்பிளை அழுகிறவனோ? அவனை உனக்குத் தெரியாது." எனக்கும் அந்த மனுஷரில் சந்தேகந்தான். ஆகவே இப்படி மாற்றினேன்: ஒட்லைஃப் காரைக் கிளப்பினார். ஓடவில்லை. கியர் போட மறந்துவிட்டார். பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

"அடிக்கிறான், எடுங்கோவன்" என்றாள் ஹெல்வி.

"அடிக்கட்டும்."

கடைசியில் கியரைப் போட்டுக்கொண்டு, "மீன் வாங்கி வைச்சிருக்கிறன்" என்றார்.

4

கொட் மீன், அதன் ஈரல், உருளைக்கிழங்கு. உப்பு காணாது என்று அவரை ஏசிக்கொண்டே ஹெல்வி இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள். மாதக்கணக்காகக் கரண்டியைத் தட்டில் உருட்டிக்கொண்டிருந்தவள். அவள் மெல்லுவதையே ஒட்லைஃப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வாழ்க்கையில் இதைவிட நல்ல சாப்பாடு இருந்ததில்லை. அவர் அதைச் சொல்லமாட்டார் என்பதால் நான் சொல்கிறேன்.

அவள் தட்டுகளைக் கழுவக் குழாயைத் திறந்தபோது போன் அடித்தது. டக்சிக்கார இசாக். யாரையும் 'ஐசே' என்றுதான் கூப்பிடுவான்.

"ஐசே, எங்கை நிக்கிறீர்?"

"வீட்டிலை. ஏன்?"

"உம்மடை மனிசி இஞ்சை எயர்போட் வாசலிலை நிக்கிறா. நீலத்திலை வந்தவ, கனநேரமாக் காத்து நிக்கிறா. போன் செத்துப்போச்சாம். ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன் எண்டன். மாட்டாவாம். நீர் வருவீராம்."

ஒட்லைஃப் சிரித்தார். "பட்டப்பகலிலையே தொடங்கிட்டீரோ?"

"நான் குடிச்சு எத்தினை வருசம்? பகிடியில்லை. அவவின்ரை முகம் சரியில்லை. அழுதவ போலை கிடக்கு. கெதியா வாரும்."

5

இவ்வளவும் எழுதிவிட்டு எனக்குப் பயம் பிடித்தது. கதை எழுதுகிறவளுக்கு ஒரு வசதி உண்டு, பிடிக்காததை அழிக்கலாம். இரண்டாவது ஹெல்வியை அழிக்கப் பார்த்தேன்.

[காற்று திடீரெனப் பலத்தது. நீல விமானம் இறங்க முடியாமல் ட்ரொம்சோவுக்கே திரும்பியது.]

குன்பியோர்க் சிரித்துவிட்டாள்.

"விசரே உனக்கு? மஞ்சள் இறங்கின இடத்திலை நீலம் இறங்காமல் திரும்புமோ? அடுத்த நாளே விளம்பரம் போடுவாங்கள் மஞ்சள்காரர், 'நாங்கள் இறங்கினனாங்கள், அவை இறங்கேல்லை' எண்டு. எவ்வளவு காத்தெண்டாலும் இறக்கித்தான் தீருவாங்கள்."

அவள் சொன்னது சரி. இந்தக் கதையில் கடவுளைவிடப் பெரியது போட்டி. நான் காற்றை வீசச் செய்தேன், விமானம் ஆடி ஆடி இறங்கிவிட்டது.

சரி, ஒருத்தியைப் பேயாக்கிவிடுவோம். [வீட்டிலிருந்த ஹெல்வியின் விரல்கள் சில்லென்று] இல்லை. அவள் கை சுடுதண்ணீரில் சிவந்திருந்தது. [இசாக் திரும்பிப் பார்த்தபோது வாசலில் யாருமே] அதுவுமில்லை. வாசலில் நின்றவளுக்கு மூக்கு ஒழுகியது, கையுறையால் துடைத்தாள். பேய்க்கு மூக்கு ஒழுகுமா?

இரண்டு பேரும் ஹெல்விதான். இரண்டு பேரும் அன்றைக்கு ஒரே டொக்டரிடம் ஒரே அறைக்குள் போனவர்கள். ஒருத்தியிடம் ஒன்றுமில்லை என்றார்கள். மற்றவளுக்கு என்ன சொன்னார்கள் என்பதை இசாக் அவள் முகத்தில் பார்த்துவிட்டான். வீடு போய்ச் சேருவேனா என்ற பயத்தில் அவள் இரண்டு பிளேனிலும் பதிந்தாள். இரண்டிலும் வந்து சேர்ந்தாள். இதற்கு மேல் எனக்கு விளக்கம் தெரியாது.

ஒட்லைஃப் அவளைக் கூட்டிவரப் போனால், நோயைக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறார். வந்து பார்க்கும்போது சுகமாகிவிட்ட மனைவி வீட்டில் இருப்பாளா என்பது சந்தேகம். போகாவிட்டால், அவரையே நம்பி வந்த ஒரு சுகமில்லாத மனுஷியைப் பனிக்குள் விட்டுவிடுகிறார்.

6

முடிவுகள் சிலதை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. ஒட்லைஃப், "ஆள் மாறிப்போட்டீர்" என்று சொல்லிப் போனை வைக்கிறார். இதை எழுதிய நாள் முழுக்க எனக்குக் கோப்பி கைகூடவில்லை, இரண்டு பேர் திருப்பித் தந்துவிட்டார்கள். நான் எழுதிய ஒட்லைஃப் இதைச் செய்யமாட்டார்.

இன்னொன்று. அவர் அடித்துப்பிடித்து ஓடுகிறார், வாசல் வெறுமையாக இருக்கிறது, இசாக் தலையைச் சொறிகிறான். எல்லாருக்கும் பிடித்த முடிவு. எனக்கும் பிடித்தது, நன்றாக நித்திரை வந்தது. ஆனால் அது ஏமாற்று. நான் அந்தத் தொப்பியை இரண்டு தரம் பார்த்தவள்.

பிறகு துணிந்து, அவர் போய் அவளையும் கூட்டிவரட்டும் என்று தொடங்கினேன். இரண்டு ஹெல்வியும் ஒரே வீட்டில், யாருக்கு எந்தக் கட்டில், யார் உப்பைப் பற்றிக் குறை சொல்வது என்று சிரிப்பாகக்கூட எழுதிக்கொண்டு போனேன். ஒட்லைஃப் காரை எடுக்க முன்னர் ஒரு தரம் சமையலறையைத் திரும்பிப் பார்த்தார் என்று ஒரு வரி. அங்கே மேசையில் மூன்று கோப்பைகள் இருந்தன. அவர் இன்னும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஹெல்வி மூன்றாவது கோப்பையை முன்னமே எடுத்து வைத்துவிட்டாள். அதை எழுத வேண்டும் என்று நான் நினைக்கவேயில்லை. என் கை எழுதியிருந்தது. அந்தத் தாளை மடித்துக் கறுவா டப்பாவுக்குக் கீழே வைத்தேன், இன்றுவரை திறக்கவில்லை.

7

கடைசியில் குன்பியோர்க்கிடமே கேட்டேன், நீயென்றால் என்ன செய்வாய் என்று.

அவள் கழுத்துத்துணியை அவிழ்த்து மடித்தாள்.

"நல்ல சேதியோடை வந்தவளை ஆரும் கூட்டிக்கொண்டு போவினம். மற்றவளுக்குத்தான் ஆள் வேணும்" என்றாள்.

"அப்ப நீ போவாய்?"

"போகமாட்டன். எனக்குப் பயம்."

ஆகவே இவ்வளவில் நிறுத்துகிறேன். ஒட்லைஃப் போனைக் காதில் வைத்தபடி நிற்கிறார். இசாக், "என்ன ஐசே, சத்தத்தைக் காணேல்லை?" என்கிறான். சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது. யார் போனில் என்று ஹெல்வி கேட்கலாம். கேட்கவில்லை. ஒட்லைஃப் என்ன பதில் சொல்கிறார் என்பதை நீங்கள் எழுதுங்கள். இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் இப்போது என்னைவிட்டால் நீங்கள்தான், நான் என் பேனையை மூடிவிட்டேன்.

எழுத முன்னர் வாசலில் நிற்கிறவளை ஒரு தரம் பாருங்கள். இசாக் போனைக் காதில் வைத்தபடியே வேறு சவாரி ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அடுத்த விமானம் நாளைக்குத்தான் என்று உள்ளே விளக்குகளை அணைக்கிறார்கள். அவள் சந்தோஷமாக இல்லை, ஆனால் பதற்றமும் இல்லை. ஒட்லைஃபிடம் எப்படிச் சொன்னால் அவர் பயப்படமாட்டார் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றின பிறகு சொல்லுவம். இல்லை, காருக்குள்ளேயே சொல்லுவம். அவர் றோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார், என் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. முதலில் அவர் கையைப் பிடித்துக்கொள்ளுவம். இல்லை, பிடித்தால் உடனே விளங்கிவிடும்.

எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதில்தான் அவளுக்குக் குழப்பம். அவர் வருவாரா என்ற யோசனை அவளுக்கு வரவேயில்லை.