மலைக்கு முன்னால் ஓர் ஆள்

என் மனைவி தவமணிக்கு மியூசியத்தில் வேலை. நீர்வண்ண ஓவியம் ஒன்றுக்குள் நிற்கும் வேலை. எதிரே மலை, அருவி, கொஞ்சம் மேகம். மலை எவ்வளவு பெரியது என்று பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக ஓர் ஆள். முகம் காட்டக் கூடாது. பென்ஷன் உண்டு.

சேர்ந்த அன்று என் சாண் உயரம் இருந்தாள். பார்த்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் பார்வையாளர் புத்தகத்தை நீட்டினார்கள்.

"ஒரு வரி எழுதிட்டுப் போங்க."

நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதினால் விஷயம் தெரியாதவன் என்று நினைப்பார்களே. 'மலை இன்னும் சற்றுப் பெரிதாக இருந்திருக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

மலையைப் பெரிதாக்க முடியாது. காகிதம் அவ்வளவுதான். ஆகவே தினமும் தவமணியைக் குறைத்தார்கள்.

திங்கட்கிழமை சுண்டுவிரல் அளவு இருந்தாள். வியாழக்கிழமை நான் சோற்று டப்பாவோடு போனபோது அரிசி அளவு.

"புளிக்குழம்புங்களா?" என்றாள், திரும்பாமல்.

"ஆமா. வீட்டுக்கு வந்துரு தவமணி."

"எப்படிங்க வர்றது? மலை தனியா நிக்குமே."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளைக்கு எள்ளளவு. மறுநாள் ஓர் ஈரப்புள்ளி, காய்ந்தால் அதுவும் இல்லை. அலுவலகத்துக்கு ஓடினேன். நேற்று இருபதடி இருந்த தாழ்வாரம் இன்று நீண்டுகொண்டே போனது. வழியில் ஒரு டீக்கடை வந்தது. நிற்காமல் ஓடினேன்.

காப்பாட்சியர் ஞானசௌந்தரி புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தார்.

"இது உங்க கையெழுத்துதானுங்களே?"

"ஆமாங்க. அடிச்சிருங்க மேடம்."

"பார்வையாளர் கருத்த அடிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லீங்க."

"என் கருத்த நானே மாத்தக் கூடாதா?"

"மலை பெருசாத் தெரிஞ்சா மாத்தலாம். தெரியுதுங்களா?"

"பொண்டாட்டி இத்தனூண்டு ஆயிட்டா! எனக்கு மலை எங்கே தெரியுது?" என்று கத்தினேன்.

அவர் கோபிக்கவில்லை. "அவங்களவிடச் சின்ன ஆள் வந்தா அவங்கள அனுப்பிரலாம்" என்று படிவத்தை நீட்டினார். உயரம் என்ற கட்டத்தில் 'கடுகு' என்று எழுதினேன்.

இப்போது நான் அருவி ஓரம் நிற்கிறேன். புல் எப்போதும் ஈரம். மலை பெரியது. சாமி சத்தியமாகப் பெரியது. அண்ணாந்தால் பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல வேண்டும். ஆனால் பணியாளர்கள் கருத்து எழுதக் கூடாதாம்.

இன்று மதியம் முதுகுக்குப் பின்னால் டப்பா திறக்கும் சத்தம். புளிக்குழம்பு வாசம். தவமணி வந்திருக்கிறாள். முழு உயரத்தில் வந்திருப்பாள். திரும்பிப் பார்க்கத் தவித்தேன்.

"ஏனுங்க, வாசல்லயே புத்தகத்த கையில குடுத்து ஒரு வரி எழுதச் சொல்றாங்க. என்னத்த எழுதட்டும்?"

"நல்லா இருக்குன்னு மட்டும் எழுது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"என்னங்க? ஒண்ணும் கேக்கலீங்க."

மறுபடி கத்தினேன். அருவியும் கத்தியது.

"சரி விடுங்க, நானே எழுதிக்கறேன்."

பேனா ஓடும் சத்தம் கேட்டது. ஒரு வரியைவிட நீளமாகவே ஓடியது.