நான்கு கணவாய்களும் ஒரு பேட்டரியும்

ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பது பேச்சு. ஐதா ஐந்தே முக்காலுக்கே சைக்கிளை வாசலில் நிறுத்தி, டயரில் காற்றை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, கையுறையையும் மாட்டிக்கொண்டு நின்றாள். ஆறு இருபதுக்கு அவள் கணவன் டூரி இன்னும் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அவசரப்படாமல், ஓரம் வரைக்கும்.

அவர்களுடைய சுவிஸ் கிராமமான சாந்தா மரியாவிலிருந்து கிளம்பி உம்பிரெய்ல் கணவாய் ஏறி, இத்தாலிப் பக்கம் போர்மியோவுக்கு இறங்கி, அங்கிருந்து ஃபொஸ்கான்யோ, அதற்கடுத்து ஐரா, பிறகு லிவீன்யோ ஏரிக்கரை, கடைசியாக ஓஃபன் கணவாய் ஏறி வீடு. நூற்றுப் பத்து கிலோமீட்டர். ஏற்றத்தை மட்டும் கூட்டினால் மூவாயிரம் மீட்டர். மூன்று வருடமாக ஐதாவின் மனதில் ஓடிக்கொண்டிருந்த வட்டம் இது. முதல் வருடம் ஜூன் கடைசியில் பனி கொட்டிச் சாலையை மூடினார்கள். இரண்டாம் வருடம், கிளம்புவதற்கு முதல் நாள் மாலை மர ஆலையில் டூரிக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

ஐதா வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ். வாரத்தில் ஐந்து நாள், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடு. ஒரு வீட்டில் புண்ணுக்குக் கட்டு, அடுத்த வீட்டில் இன்சுலின், அதற்கடுத்த வீட்டில் ஒன்றுமே இல்லாமல் வெறும் புலம்பல். காரை எடுத்தால் பத்து நிமிடத்தில் நிறுத்த வேண்டும், இறங்க வேண்டும், சிரிக்க வேண்டும். இருபத்தாறு வருடம் இப்படியே போய்விட்டது. அவள் கேட்டதெல்லாம், யாருக்காகவும் நிற்காமல் ஒரு நாள். அதற்காகக் குளிர்காலம் முழுக்க நிலவறையில் சைக்கிளை உருளை மேல் நிறுத்தி, சுவரைப் பார்த்துக்கொண்டே மிதித்தாள். டூரி அப்படி எதுவும் செய்யவில்லை. மே மாதம் மின்சார சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

உம்பிரெய்லின் மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே அவன் அவளை முந்தினான். விசிலடித்துக்கொண்டு போனான். ஐதாவுக்குக் காது வரைக்கும் ரத்தம் ஏறியது. ஆனால் மூச்சு சீராக இருந்தது, கால் சொன்னபடி கேட்டது. காடு முடிந்து புல்வெளி வந்தது, புல்வெளி முடிந்து கல் வந்தது. அவள் உச்சிக்கு வந்தபோது அவன் காபி குடித்து முடித்திருந்தான்.

“எட்டாவது வளைவுல ஒரு மர்மோட் அணில் நின்னுச்சே, பாத்தியா?” என்றான்.

முன் சக்கரத்தைத் தவிர அவள் எதையும் பார்க்கவில்லை. மோட்டாரை எந்த வேகத்தில் வைத்திருக்கிறாய் என்று மட்டும் கேட்டாள். எது அதிகமோ அதில் என்றான். அடக்கி ஓட்டு, இன்னும் மூன்று ஏற்றம் பாக்கி இருக்கிறது என்றாள். பேட்டரி நூற்றிருபது கிலோமீட்டர் வரும் என்று சைக்கிள் கடைக்காரன் சொல்லியிருப்பதாக அவன் பதில் சொன்னான். கடைக்காரன் சமவெளிக்காரன் என்பதை ஐதா சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டாள். காலையிலேயே வேண்டாம் என்று நினைத்தாள்.

போர்மியோவில் வெயில் சுள்ளென்று இருந்தது. ஃபொஸ்கான்யோ ஏற்றம் இருபத்துநாலு கிலோமீட்டர். செங்குத்து இல்லை, ஆனால் முடிவே இல்லாததுபோல நீளும். பாதி தூரத்தில் டூரி பின்தங்கினான். அவன் மூச்சிரைப்பு கொஞ்ச நேரம் முதுகுக்குப் பின்னால் கேட்டது, பிறகு கேட்கவில்லை. அன்று முதன்முறையாக ஐதாவுக்கு முன்னால் வெறும் சாலை மட்டும் இருந்தது. அவள் ஒரு கியர் கூட்டினாள். கால் இன்னும் கேள் என்றது. இன்னொன்று கூட்டினாள். இதற்குத்தானே வந்தோம் என்று நினைத்த அந்த நேரத்தில் முதுகுப் பையில் போன் அடித்தது.

“ஐதா, இது செத்துப்போச்சு.”

“எது?”

“பேட்டரிதான். வேற என்ன, நானா?”

அவள் சாலையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உச்சிக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர். அவனுடைய சைக்கிள் இருபத்தைந்து கிலோ, அவன் தொண்ணூற்றிரண்டு கிலோ. நீ போ, நான் மெதுவாக வருகிறேன் என்றுதான் அவன் சொன்னான். ஆனால் ‘போகாதே’ என்று கேட்கும்படியாக அதைச் சொல்ல அவனுக்குத் தெரியும். இருபத்தொன்பது நிமிடம் நின்றாள். வியர்வை காய்ந்து முதுகு சில்லிட்டது. நன்றாகச் சூடேறியிருந்த கால் மரக்கட்டை ஆனது. கடைசியில் வளைவில் அவன் தலை தெரிந்தது. சைக்கிளை மாட்டைப் போல இழுத்துக்கொண்டு நடந்து வந்தான்.

அதன்பிறகு ஏறியது ஏற்றமே இல்லை. அவன் தள்ளுவான், அவள் ஐம்பது மீட்டர் போய்த் திரும்பி வருவாள், மறுபடி போவாள். லிவீன்யோ வரியில்லாத ஊர் என்பதால் உச்சியில் நின்ற சுங்கக் காவலர் இருவரையும் பார்த்துவிட்டு, “ஏத்தத்துல தள்றதுக்கு எதுக்குங்க மோட்டாரு?” என்றார். டூரி சிரித்தான். ஐதா சிரிக்கவில்லை.

ஐராவையும் அப்படியே கடந்து, லிவீன்யோவில் ஒரு உணவகத்தில் பேட்டரியைச் சொருகினார்கள். அப்போது மணி ஒன்றே முக்கால். ஏரியின் கடைசியில் மலையைக் குடைந்து ஒற்றைத் தடச் சுரங்கப்பாதை இருக்கிறது. அதற்குள் சைக்கிள் ஓட்ட விடமாட்டார்கள். சைக்கிள்களை இழுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு வேன் போகும். அன்றைக்குக் கடைசி வேன் மூன்றரைக்கு. ஐதா அதைச் சொன்னதும், நிறைய நேரம் இருக்கிறது என்று டூரி பீட்சா சொன்னான். ஐதா எதுவும் சாப்பிடவில்லை. பேட்டரியில் எரிந்த பச்சை விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று எரிந்தது. வெகு நேரத்துக்கு அந்த ஒன்றேதான் எரிந்தது. இரண்டாவது வந்ததும் போகலாம் என்றாள். மூன்றாவதும் வரட்டும் என்றான் அவன், இல்லாவிட்டால் ஓஃபனில் மறுபடி தள்ள வேண்டியிருக்கும் என்று. அது நியாயமாக இருந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கிளம்பும்போது மூன்று மணி. ஏரிக்கரையில் காற்று எதிரே அடித்தது. தலையைக் குனிந்துகொண்டு இருவரும் மிதித்தார்கள். சுரங்கத்தின் வாசலுக்கு வந்தபோது மூன்று இருபத்தெட்டு. வேனில் ஜெர்மனியிலிருந்து வந்த பவேரியாக்காரர்கள் ஏழு பேர் ஏறி உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார்கள். எட்டு இடத்தில் ஏழு போயிருந்தது.

ஓட்டுநர் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “ஒரு சைக்கிள், ஒரு ஆள். அவ்வளவுதான். யாரு ஏர்றீங்க?”

டூரி தலைக்கவசத்தைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். “நீ ஏறு,” என்றான்.

“நீ என்ன பண்ணுவ?”

“ஏதாவது பண்றேன். ஏறும்மா, அவங்க காத்திட்டிருக்காங்க.”

வேண்டாம், சேர்ந்தே இருப்போம் என்று சொல்ல வேண்டிய இடம் அது என்று ஐதாவுக்குத் தெரிந்தது. பவேரியாக்காரர்களும் அதைத்தான் எதிர்பார்த்து அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் சைக்கிளைத் தூக்கி இழுவண்டியில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். கதவு மூடும்போது அவன் கையைத் தூக்கினான். அவள் தூக்கவில்லை.

மறுபுறம் இறங்கியதும் யாரிடமும் பேசாமல் ஓஃபன் ஏற்றத்தில் மிதிக்க ஆரம்பித்தாள். கால் வலித்தது, வயிறு காலியாக இருந்தது. நாள் முழுக்க ஆசைப்பட்ட தனிமை இப்போது கிடைத்திருந்தது; அதை அனுபவிக்க மனம்தான் இல்லை. ஒரு வளைவில் அவன்மேல் கோபம், அடுத்த வளைவில் தன்மேல். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன லாரி பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. ஓரமாகத்தானே போகிறேன் என்று வந்த ஆத்திரத்தில், திரும்பிப் பார்க்காமலே ஐதா கையை உயர்த்தி ஒரு சைகை காட்டினாள். நோயாளிகள் வீட்டில் காட்ட முடியாத சைகை. லாரி ஒதுங்கிப் போய்விட்டது.

உச்சியில் அவளைப் படமெடுக்க ஆளில்லை. நிற்காமல் இறங்கினாள்.

வீட்டு வாசலில் டூரியின் சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. உள்ளே அவன் பார்லி சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தான்.

“எப்படி வந்தே?”

“நம்ம தச்சுப்பட்டறை ரியெட் அங்க மலிவா டீசல் போட வந்திருந்தான், லாரியில ஏத்திக்கிட்டான். உன்னையும் ஏத்திக்கலாம்னு ரெண்டு தடவை ஹாரன் அடிச்சோம். நீ காட்டின சைகையைப் பாத்துட்டு, பட்டறை போற வரைக்கும் சிரிச்சிருப்பான் அவன்.”

ஐதா நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதைக் கழற்றாமலே, “அடுத்த தடவை நான் தனியா போறேன்,” என்றாள்.

“சரி,” என்றான் டூரி.

அவ்வளவு சுலபமாக அவன் சரி என்றது அவளுக்குத் தாங்கவில்லை. “சரின்னா? மூணு வருஷமா நான் பாடுபடறேன், உனக்கு வெறும் சரியா?”

அவன் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினான். “ஐதா, எனக்கு இறக்கத்துல உயிரே போகுது. உக்காந்தா எரியுது. முதல் வருஷம் ‘நீயும் வாயேன்’னு கூப்பிட்டது நீதான். வரலைன்னா நீ வருத்தப்படுவியேன்னு வந்தேன். தனியா போகணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் எதுக்கு அந்தக் கழுதையை வாங்கப் போறேன்?”

கூப்பிட்டது அவள்தான். பேச்சுக்குக் கூப்பிட்டாள், விட்டுவிட்டுப் போனால் நன்றாக இருக்காதே என்று கூப்பிட்டாள். அவன் வேண்டாம் என்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சரி என்றதும் மனதுக்குள் சலித்துக்கொண்டதுகூட இப்போது நினைவுக்கு வந்தது. அந்த ஒரு மரியாதைக்காக மூன்று கோடை போய்விட்டது. கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை. இரண்டு கிண்ணம் சூப் குடித்துவிட்டுப் படுத்தாள்.

இரண்டு ஞாயிறு கழித்துத் தனியாகப் போனாள். உம்பிரெய்லில் மூடுபனி, ஃபொஸ்கான்யோவில் நல்ல வெயில். சுரங்க வாசலுக்கு நினைத்ததைவிட வெகு முன்னதாக வந்துவிட்டாள். வேன் வர நாற்பது நிமிடம் பிடித்தது. அந்த நாற்பது நிமிடமும் கல்லை உதைத்துக்கொண்டு நின்றாள். ஓஃபனைத் தாண்டி இறங்கி ஃபுல்டேரா கிராமத்துக்குள் வந்தபோது, செவ்வாய்க்கிழமைகளில் அவள் போய்க் காலில் கட்டுப் போட்டுவிடும் கிழவர் வேலியருகே நின்று இரண்டு கையையும் ஆட்டினார். ஐதா தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விட்டாள். மூன்று மணிக்கு முன்பே வீடு.

அதன்பிறகு அவளால் உட்கார முடியவில்லை. கிழவரின் புண் மறுபடி கசிகிறதோ, மாத்திரை தீர்ந்துவிட்டதோ என்று குடைந்துகொண்டே இருந்தது. ஆறு மணிக்குப் பொறுக்காமல் போன் செய்து, எதற்காகக் கையை ஆட்டிக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்லம்மா,” என்றார் கிழவர். “தனியா போறியே, டூரி வரலையான்னு கேக்கலாம்னுதான்.”