சி எதில் சேர்த்தி

தேர்வு வாரிய அதிகாரி அம்மாள் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தபோதுகூட, ஜெயித்துவிடலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பின்னே? துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் இருக்கிற சின்ன மின்னணுப் பலகைக்குக் காலமெல்லாம் சி என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதிக் கொட்டியவள் அவள். அவளிடமே வந்து சி எப்படிப்பட்ட மொழி என்று பாடம் எடுப்பார்களாமா? கணவனுக்குப் பள்ளிக் கணினி ஆசிரியர் வேலை ஒரே ஒரு மதிப்பெண்ணில் கை நழுவியிருந்தது. நடத்திவந்த அச்சகத்தை மூடியதிலிருந்து அந்தப் பரீட்சைக்காகத் தலைகீழாக நின்று படித்தவன். வயது வரம்பும் இதோடு சரி, இனி எழுத முடியாது. அவன் தவறவிட்ட கேள்விகளில் ஒன்று, சி கீழ்நிலை மொழியா, உயர்நிலை மொழியா என்பது. கீழ்நிலை என்று போட்டிருந்தான். இதை விடுவாளா அவள்? லீவு போட்டுவிட்டு, அவனையும் கூட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள்.

“மெஷினை ஒட்டி நிக்கிற மொழி கீழ்நிலை, மனுஷங்க பக்கம் நிக்கிறது உயர்நிலை. சி ரெண்டுக்கும் நடுவுல நிக்குது மேடம். மெமரியில எந்த இடத்துல எதை வைக்கணும்னு நாமளே பாத்துக்கணும். அதனால கீழ்நிலைன்னு போட்டாலும் மார்க் குடுக்கணும்” என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

அந்த அம்மாள் நல்ல மாதிரிதான். எரிந்து விழவில்லை.

“எனக்கு அதெல்லாம் புரியாதும்மா. நிபுணர் குழு உயர்நிலைதான்னு சொல்லிட்டாங்க, அதை மாத்த எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனா இதைப் பாருங்க, பரீட்சையில அவர் அழுத்தினதெல்லாம் கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கு. உங்க வீட்டுக்காரர் முதல்ல சரியாத்தான் போட்டிருக்கார். கடைசியில திரும்பி வந்து மாத்தியிருக்கார்.”

இதை அவன் வீட்டில் சொல்லவே இல்லை. ஏன் மாற்றினான் என்று யாரும் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு சாயங்காலம். தண்ணீர் நிரம்பும்போதே இயந்திரம் நின்றுபோகிற கோளாறைப் பகல் முழுக்கத் தேடி, எங்கோ ஒரு வரி மெமரியில் தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் போய் எழுதிவிட்டிருந்ததைக் கண்டுபிடித்து, மண்டை காய்ந்து வீட்டுக்கு வந்திருந்தாள். அவன் அடுப்படியில் பூண்டு உரித்தபடி புத்தகத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

“சி ஓர் உயர்நிலை மொழி…”

“எவன் சொன்னான்?” என்று பையை வீசினாள். “ஒரு நாள் என் சீட்டுல வந்து உக்காந்து பாக்கச் சொல்லுங்க அவனை. உயர்நிலையாம் உயர்நிலை!”

“அப்போ புத்தகம் தப்பா?”

“பின்ன, நான் என்ன பொய்யா சொல்றேன்?”

வாய்க்கொழுப்பு, வேறென்ன? புத்தகத்தில் இருப்பது சரி என்று அவளுக்குத் தெரியாதா? அது அலுப்பில் வந்த புலம்பல். பரீட்சைக்கு அதை எழுதிவைக்காதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குளிக்கப் போய்விட்டாள்.

அதிகாரியின் அறையிலிருந்து அவள் வெளியே வந்தபோது, தாழ்வாரத்து பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் பையை மடிக்கு மாற்றி இடம் விட்டான்.

“முடியாதாம்” என்றாள். “ஏங்க மாத்துனீங்க?”

“புத்தகம் எழுதினவனைவிட உனக்குத் தெரியாதா என்ன?” என்றான் அவன், வெகு சாதாரணமாக.

ஒரு சொல் திட்டியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், கொஞ்சம் ஆறியிருக்கும். அவன் குரலில் குற்றம் சொல்கிற சாயல்கூட இல்லை. அதுதான் அவளைக் கொன்றது.

“சரி, போனது போகட்டும் விடு” என்று அவள் பக்கம் திரும்பினான். “நெஜமாவே அது எதுலதான் சேத்தி? சொல்லேன், தெரிஞ்சுக்கலாம்.”

எதைச் சொன்னாலும் அதையே சரியென்று எடுத்துக்கொள்ளும் முகத்தோடு, அவன் அவளையே பார்த்துக் காத்திருந்தான்.