உங்களைத் தூண்டியது எது?

கல்வியில் அநீதி பற்றி நான் எழுதிய கட்டுரைக்கு முதல் பரிசு. பள்ளிக்கூடத்துக்குத் தலைகால் புரியவில்லை. அறிவிப்புப் பலகையில் என் போட்டோவை ஒட்டினார்கள். பக்கத்தில் தலைமையாசிரியையின் போட்டோ, என்னுடையதைவிட இரண்டு மடங்கு பெரிதாக.

பரிசு விழாவில் கட்டுரையை மேடையில் வாசிக்க வேண்டும். சிக்கலே அங்கேதான். எனக்குப் பேச்சு திக்கும்.

"எழுதினது நீதான், யாரு இல்லேன்னா?" என்றார் தலைமையாசிரியை. "வாசிக்கிறத மட்டும் மைக் ராணி பாத்துக்கட்டும். பெரிய மனுஷங்க வர்றாங்கம்மா. நீ கடைசி வரிசையில உக்காந்து கை தட்டு, போதும்."

மைக் ராணி என் வகுப்புத் தோழி. பாவம், நல்லவள். பஸ் நேர அட்டவணையைக் கொடுத்தால்கூட ஏற்ற இறக்கத்தோடு, கையை வீசி, கண் கலங்க வாசித்துவிடுவாள். அர்த்தம் அவள் இலாகா இல்லை.

அநீதியைப் பற்றி எழுதியதையே என் கையிலிருந்து பிடுங்குகிறார்களே!

போட்டி நடத்தியவர்கள் ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். 'இதை எழுத உங்களைத் தூண்டியது எது?' தலைமையாசிரியையின் கையெழுத்து வாங்கி, கட்டுரைக்கு முன்னால் அந்தப் பதிலையும் வாசிக்க வேண்டுமாம். "சமுதாயத்தின் மீதுள்ள தீராத அக்கறைன்னு எழுதும்மா" என்றார் வகுப்பாசிரியை. எனக்குச் சமுதாயத்தின் மீது அப்படியொன்றும் அக்கறை கிடையாது. இருந்தது கோபம். அதையே எழுதினேன்.

தலைமையாசிரியைக்குத் தாளை முழுதாகப் பார்க்கும் வழக்கமில்லை. போனில் பேசிக்கொண்டே கட்டின் கீழ் ஓரத்தை விரலால் தூக்கித் தூக்கிக் கையெழுத்துப் போடுவார். விடுப்புக் கடிதங்களுக்கு நடுவில் என் படிவத்தைச் செருகினேன். போட்டுவிட்டார்.

விழாவன்று காலையில்தான் அது மைக் ராணியின் கைக்குப் போனது.

"என்னைத் தூண்டியவர் எங்கள் தலைமையாசிரியை!" என்று மேடையில் முழங்கினாள். அரங்கம் கைதட்டியது. தலைமையாசிரியை எழுந்து நின்று புன்னகைத்தார்.

"பள்ளி ஆய்வாளர் வரும் நாளிலெல்லாம், சரளமாகப் பதில் சொல்ல வராத எங்கள் ஏழு பேரையும் விளையாட்டுச் சாமான் அறையில் வைத்துப் பூட்டுவார். காற்றுப்போன பந்துகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் இதை எழுதினேன்!"

'பூட்டுவார்' என்னும்போது குரல் தழுதழுக்க, கை தலைமையாசிரியையை நோக்கி நீண்டது. பயிற்சி அப்படி. ஒருவரும் கைதட்டவில்லை. தலைமையாசிரியையின் புன்னகை மட்டும் மறந்துபோய் அப்படியே நின்றது.

"எழுதின பொண்ணு எங்க?" என்றார் சிறப்பு விருந்தினர்.

"அவளுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்லைங்க..." என்றார் தலைமையாசிரியை.

கடைசி வரிசையில் நான் எழுந்து நின்றேன். யாரோ மைக்கைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

"உன் பேரு என்னம்மா?"

என் பெயரின் முதல் எழுத்துதான் எனக்கு ஜென்ம விரோதி. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் தொடங்கினேன். நின்றது, மறுபடி தொடங்கினேன். அவசரப்படுத்த ஒருவரும் இல்லை. பெயர் முழுதாக வந்து முடியும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். தலைமையாசிரியையும் நின்றுகொண்டேதான் காத்திருந்தார்.