நாலு மூலை வாஷர்

நான் இந்த ஒர்க்‌ஷாப்புக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ரெண்டு வருஷமும் டயர்தான். கழட்டு, மாட்டு, காத்தடி. எஞ்சின் வேலை தெரியும்னு சொன்னா மேஸ்திரி சிரிப்பாரு. "இங்க வர்றவன் எல்லாரும் ஊர்ல எஞ்சின் பிரிச்சவன்தான்"னுவாரு.

புதன்கிழமை பல் டாக்டரம்மாவோட பழைய எட்டு சிலிண்டர் காரு வந்துச்சு. எஞ்சின் ஆளுங்க ரெண்டு பேரும் லீவு. அந்தம்மா கையில புது அலுமினிய மேனிஃபோல்டு. கார்புரேட்டர்ல இருந்து வர்ற காத்தும் பெட்ரோலும் எட்டு சிலிண்டருக்கும் பிரிஞ்சு போற கூடு அது. சனிக்கிழமை அவங்களுக்கு மலைப் பாதையில கார் பந்தயம்.

"நான் போடறேன்"னேன்.

மேஸ்திரி என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "ஒரு சொட்டு ஒழுகாம நின்னா எஞ்சின் மேடை உனக்கு. ஒழுகுச்சு, ஜென்மத்துக்கும் டயர்தான்."

"எழுதியே தர்றேன்."

பழைய இரும்பு மேனிஃபோல்டைத் தூக்கறதுக்குள்ள இடுப்பு விட்டுப் போச்சு. புதுசை ஒரே கையில தூக்கிட்டேன். அதுக்கு முன்னாடி எஞ்சினோட எட்டு துவாரத்துலயும் துணி அடைச்சிருந்தேன். ஒண்ணு உள்ள தங்கிடக் கூடாதுன்னு எட்டையும் ஒரே கயித்துல கட்டி வெச்சிருந்தேன். இழுத்தா எல்லாம் வந்துரும். ஒழுகாம இருக்க நடுவுல வெக்கற பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி, கயித்தை இழுத்துத் துணியெல்லாம் எடுத்துட்டு, புதுசை வெச்சு, முன்னாடியும் பின்னாடியும் சிலிக்கான் பசை போட்டு, நேரா மேல இருந்து இறக்கினேன். பழைய போல்ட்டு பன்னெண்டும் நல்லா இருந்துச்சு. நல்ல போல்ட்டைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. பிரஷ் போட்டு அதையே மாட்டினேன். அளவு பாத்து முறுக்கற ரெஞ்ச், இறுகினது போதும்னு பன்னெண்டு தடவை 'டக்'குன்னுச்சு.

மத்தியானம் வீட்டுக்காரிக்கு போன் போட்டேன். இங்க நாளெல்லாம் நான் பேசறது நாலு வார்த்தை. அவகிட்ட மூச்சு விடாம பேசினேன்.

"ஏங்க, நல்லா உக்காந்துச்சா?"

"மலை மாதிரி உக்காந்திருக்கு."

"அப்ப நீங்களும் உக்காந்து சாப்பிடுங்க. அலுமினியமா வயித்தை நெறைக்கும்?"

வியாழக்கிழமை, பசை காஞ்சதும் டாக்டரம்மா வந்து நின்னாங்க. ரேடியேட்டர்ல ஊத்த மேஸ்திரி தண்ணி கேனைத் தூக்கிட்டாரு. அழகா இருக்கட்டும்னு நான் கடைசியா துணியால துடைச்சேன். மூலை போல்ட்டுக்கு அடியில இருந்த வாஷர் விரலோட சேர்ந்து சுத்துச்சு.

முறுக்கி முடிச்ச போல்ட்டுக்கு அடியில வாஷர் சுத்தக் கூடாது. மத்த மூலைகளையும் தொட்டேன். நாலும் சுத்துச்சு. தண்ணி போற வழி இருக்கறதே அந்த நாலு மூலையிலதான். ஊத்தினா நேரா எஞ்சின் ஆயில்ல எறங்கும்.

"ஊத்தாதீங்க."

"ஏன்?"

"தப்பு பண்ணிட்டேன்."

ஒரு போல்ட்டைக் கழட்டி, ஓட்டைக்குள்ள கம்பியை விட்டு ஆழம் பாத்தேன். இரும்பு தடியா இருந்துச்சு, அலுமினியம் அந்த இடத்துல மெலிசு. பழைய போல்ட்டு அடியில போய் முட்டி நின்னிருக்கு. ரெஞ்ச் 'டக்'குன்னது அந்த முட்டலுக்கு. மேனிஃபோல்டை அது பிடிக்கவே இல்ல.

"எழுதித் தர்றேன்னியே"ன்னாரு மேஸ்திரி.

"இப்பவும் தர்றேன். நாளைக்கு மத்தியானம் ஓடும்."

டாக்டரம்மா என்னையே பாத்தாங்க. "ஊசி போட்டதுக்கப்புறம் தப்பான பல்லுன்னு தெரிஞ்சாலும் நான் நிறுத்திருவேன். பிடுங்கிட்டு யோசிக்கறவன்தான் ஆபத்து. செய்யுங்க."

மறுபடி தூக்கி, பசை எல்லாத்தையும் சுரண்டி, புது கேஸ்கெட்டு போட்டேன். ஒவ்வொரு ஓட்டையையும் கம்பியால அளந்து, கட்டையான புது போல்ட்டு பன்னெண்டு போட்டேன். இந்தத் தடவை முறுக்கினதும் ஒவ்வொரு வாஷரையும் நகத்தால தள்ளிப் பாத்தேன். நகந்தான் உடைஞ்சுது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தண்ணி ஊத்தி, சாவியைத் திருப்பினேன். ரெண்டு இருமல், அப்புறம் ஒரே சீரா ஓடுச்சு. பின்பக்கம் கண்ணுக்கு எட்டல. டாக்டரம்மா கைப்பையில இருந்து பல்லு பாக்கற குட்டிக் கண்ணாடியை எடுத்து நீட்டினாங்க. மேஸ்திரி அதை வாங்கி, எஞ்சின் மேல கவுந்து, மூலை மூலையா பாத்தாரு. ஆயில் குச்சியை உருவி வெள்ளைத் துணியில துடைச்சாரு. சுத்தமா இருந்துச்சு, ஒரு சொட்டு தண்ணி கலக்கல.

அந்த நேரம் வெளிய ஒரு வேன் வந்து, "டயர் பஞ்சர்!"னு குரல் குடுத்துச்சு. பழக்க தோஷம், நான் எழுந்துட்டேன்.

மேஸ்திரி எஞ்சின்ல இருந்து தலையைத் தூக்கல. "நீ எங்க போற? கார்புரேட்டரை யாரு, உங்க மாமனாரா வந்து ட்யூன் பண்ணுவாரு?"