தோரணத்தில் குடிவந்த தேன்சிட்டு

1

கீச் கீச் கீச் கீச்!

பறவை இல்லை. என் வீட்டுக் காலிங்பெல். "குருவி ட்யூன் சார், மனசுக்கு இதமா இருக்கும்" என்று கிங்ஸ் சர்க்கிள் கடைக்காரர் என் தலையில் கட்டியது. அந்த மாதிரிக் கத்துகிற குருவியை உயிரோடு யாரும் பார்த்திருக்க முடியாது.

கதவைத் திறந்தால் கீழ் வீட்டு ஷ்யாமளா மாமி. மூச்சு வாங்கியது.

"சார், நீங்க ஒரு கதை எழுதணும். இந்த வாரமே."

"எதைப் பத்தி மாமி?"

"அம்மா பேச்சைக் கேட்காத பொண்ணைப் பத்தி. கடைசியில அவ திருந்தணும்."

இந்தக் கதை பிறந்தது இப்படித்தான். கனவில் வரி வந்தது, மழையில் நனைந்தபோது பொறி தட்டியது என்றெல்லாம் பேட்டிகளில் சொல்வோம், நம்பாதீர்கள். பெல் அடித்தது, மாமி வந்தாள். அவ்வளவுதான்.

விஷயம் இது. மாமி வீட்டு வாசலில் பொங்கலுக்குக் கட்டிய மாவிலைத் தோரணம் காய்ந்து சருகாகத் தொங்குகிறது. அடுத்த பண்டிகைக்குப் புதுசு கட்டும்வரை பழையதைக் கழற்றக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அந்தச் சருகின் நுனியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டி, முட்டையிட்டு, இப்போது குஞ்சும் பொரித்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமியின் ஒரே பெண் ஸ்ரீலேகாவைப் பெண் பார்க்கச் செம்பூரிலிருந்து வருகிறார்கள்.

"தோரணத்தைத் தொடக் கூடாதாம். வாசக்கதவையே திறக்கக் கூடாதாம். இத்தனை நாள் பொண்ணு பார்க்கிற பேச்சே வேண்டாம்னவ, இப்பதான் போனாப் போறதுன்னு ஒரு தடவை சரின்னா. இதுவும் தட்டிப்போச்சுன்னா அவ்ளோதான் சார்!"

"சமையல்கட்டு வழியா வரச் சொல்லுங்களேன்."

மாமி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியவில்லை. "சம்பந்தி குப்பைத்தொட்டியைத் தாண்டியா உள்ளே வருவா?"

2

உட்கார்ந்தேன். எழுதினேன்.

'மாட்டுங்காவின் மீது மாலைச் சூரியன் தன் பொற்கதிர்களை'

(நிறுத்திவிட்டேன். எங்கள் தெருவிலிருந்து சூரியன் தெரியாது. எதிர் பில்டிங்கின் தண்ணீர் டாங்க்தான் தெரியும்.)

'ஸ்ரீலேகா பிடிவாதக்காரி. சிறு வயதிலேயே'

(சிறு வயதில் அவளை எனக்குத் தெரியாது. நான் இங்கே குடிவந்தபோதே அவள் ஆடிட் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.)

'ஓர் ஊரில் ஓர் அம்மா. அவளுக்கு ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு'

கீச் கீச் கீச்!

3

இந்தத் தடவை பெண்ணே வந்துவிட்டாள். கழுத்தில் பைனாகுலர்.

"அங்கிள், அம்மா வந்தாளா? கதை கேட்டாளா? அதே கதையை எனக்கு உல்டாவா எழுதிக் குடுங்க, ப்ளீஸ்."

"உனக்குத்தான் தமிழ் படிக்க வராதே."

"ஊருக்குப் போனா பஸ் போர்டு வரைக்கும் வரும். எனக்கா வேணும்? அம்மாவுக்கு! நீங்க எழுதறதை அவ பக்காவா நம்பறா. உங்க தொடர்ல ஒரு ஆள் காஸ் லீக் ஆகிச் செத்தான் இல்ல? அடுத்த நாளே எங்க வீட்டுல ட்யூப் மாத்தியாச்சு."

(எழுத்தாளர்களே, உங்கள் எழுத்தின் தாக்கம் என்ன என்று யாராவது கேட்டால், ட்யூப் என்று சொல்லுங்கள்.)

"சரி, என்ன நடக்கணும்?"

"கூட்டைக் கலைச்ச வீட்டுல ஒரு பயங்கரம்."

"எவ்வளவு பயங்கரம்?"

அவள் யோசித்தாள். "சம்பந்தி வழுக்கி விழற அளவுக்கு. சாகல்லாம் வேண்டாம்."

"சொல்லிப் பார்க்க வேண்டியதுதானே அம்மாகிட்ட?"

"சொல்லாமலா இருப்பேன்! நீதானே அடுத்த பண்டிகை வரைக்கும் கழட்டக் கூடாதும்பே, இப்ப என்னன்னு கேட்டேன். பொண்ணு பார்க்க வர்றதும் பண்டிகைதான்டிங்கறா."

வாசகராகிய உங்களிடம் இதற்குப் பதில் இருந்தால் மாமிக்கு எழுதுங்கள்.

4

ஒரு நல்ல காரியம் செய்தேன். எழுதுவதை விட்டுவிட்டுக் கீழே போய்க் கூட்டைப் பார்த்தேன். ஸ்ரீலேகாவின் சட்டப்படி தோட்டத்துக் கேட்டைத் தாண்டக் கூடாது. தோட்டம் என்றால் ஒரு செம்பருத்தி, இரண்டு இட்லிப்பூச் செடி, துளசி, அப்புறம் யாருடையது என்று தெரியாத ஒரு சைக்கிள்.

கூடு, சொன்னால் கோபப்படாதீர்கள், குப்பை மாதிரி இருந்தது. சிலந்திநூல், நார், சருகு, நூல்பிசிறு. கட்டுவது எல்லாம் பெண் சிட்டுதானாம். ஆண் சிட்டு பளபளவென்று உடுத்திக்கொண்டு பக்கத்துக் கொம்பில் உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்க்கும். ஸ்ரீலேகாவின் பைனாகுலரில் பார்த்தபோது கூட்டின் அடியில் ஒரு நகத்தளவு காகிதத் துண்டு தெரிந்தது. அச்செழுத்து. தமிழ்! மாமி குப்பையில் போட்ட வார இதழாகத்தான் இருக்க வேண்டும். என் தொடராகவும் இருக்கலாம். ஒரு குடும்பத்துக்காவது என் எழுத்து நிழல் தந்திருக்கிறது என்று எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.*

அம்மா சிட்டு வந்ததும் கூட்டின் வாயில் இரண்டு மஞ்சள் அலகுகள் திறந்தன. மாமி ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பது தெரிந்ததும் திரையை இழுத்துவிட்டாள்.

இப்போது ஒரு கட்டுரைத்தனமான சந்தேகம். ஸ்ரீலேகா என்ற பாத்திரத்தை நான் நம்பலாமா? அவளுக்குக் கூடு முக்கியமா, அல்லது பெண் பார்க்கிற படலத்திலிருந்து தப்பிக்கக் கூடு ஒரு சாக்கா? தொடர்கதையாக இருந்தால் ஆறு வாரம் இழுத்திருப்பேன். நேரே கேட்டுவிட்டேன்.

"ரெண்டும்தான் அங்கிள்" என்றாள். "பையன் வரட்டும். கூடு இருக்கட்டும். ரெண்டையும் ஒரே வாசல்ல எப்படி வைக்கிறதுன்னுதான் தெரியல."

* அது என் தொடர் அல்ல, சமையல் குறிப்புப் பக்கம் என்று ஸ்ரீலேகா பிறகு பெரிய லென்ஸில் பார்த்துச் சொன்னாள். பஸ் போர்டு தமிழ் இதற்கெல்லாம் போதும்.

5

அச்சாகி வருவதற்குள் குஞ்சுகள் பேரன் பேத்தி எடுத்துவிடும் என்பதால் கையெழுத்திலேயே முடிவுகளை எழுதி மாமியிடம் கொடுத்தேன்.

முதல் முடிவில் தோரணம் கழற்றப்படுகிறது, பெண் அழுகிறாள், அம்மாவுக்கும் அழுகை வருகிறது. மாமி படித்துவிட்டு, "இது என்ன சார், கல்யாண வீட்டுல ஒப்பாரி?" என்றாள்.

இரண்டாவதில் மாப்பிள்ளை பறவை விஞ்ஞானி. கூட்டைப் பார்த்ததும் வாசலிலேயே தாலி கட்டச் சம்மதிக்கிறான். "பையன் ஜெயராமுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனில வேலை. காக்காய்க்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியுமோ என்னமோ" என்றாள் மாமி.

மூன்றாவதை நான் கொடுக்கவே இல்லை. கசக்கிப் போட்டது. மாமி என் மேஜைக்கு அடியிலிருந்து தானே எடுத்து விரித்தாள். அதில் பெண் பார்க்கும் வைபவம், ஸ்ரீலேகா பறவை பார்க்கப் போகிற சிவ்ரி கடற்கரைக்கு மாறுகிறது. பட்டுப்புடவையும் பூநாரையும் சேற்றில் ஒன்றாக நிற்கின்றன. விளையாட்டுக்கு எழுதிப் பார்த்தது, நிஜமாகவே விளையாட்டுக்கு.

மாமி அதை இரண்டு தடவை படித்தாள்.

"சொஜ்ஜியைத் தூக்குல எடுத்துண்டு போயிடலாம். பஜ்ஜிதான் ஆறிடும்" என்றாள்.

"மாமி, அது கதை!"

"கதைதான் சார் வேணும்னு கேட்டேன்."

(மாமா என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். மாமா டெல்லி ஆபீஸில் இருக்கிறார். இந்தக் கதைக்கு வரமாட்டார். போனில், "ஷ்யாமளா சொன்னாச் சரி" என்றார்.)

6

மாமி செம்பூருக்குப் போன் போட்டு இடத்தை மாற்றிவிட்டாள். சனிக்கிழமை முழுக்க ஸ்ரீலேகா சிவ்ரியில்தான் இருந்தாள். அலை எப்போது ஏறும், நிழல் எங்கே விழும், எந்தக் கல்லில் சம்பந்தி உட்காரலாம் என்று பார்த்துவிட்டு இருட்டிய பிறகு சமையல்கட்டு வழியாக வீடு திரும்பினாள். ஞாயிறு விடியுமுன் அதே வழியாகக் கிளம்பி இடம் பிடிக்கப் போய்விட்டாள். நானும் மாமியும் தூக்குகளும் டாக்சியில் பின்னால் போனோம்.

கடல் பாலம் தூரத்தில் நீண்டு கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் சேறு. அதன் மேல் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. கோடு நடந்தது!

செம்பூர் கோஷ்டி வந்து இறங்கியது. ஜெயராமின் அம்மா அரக்குப் பட்டை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க பொண்ணைப் பார்க்க வந்தோமா, கொக்கைப் பார்க்க வந்தோமா?"

"கொக்கு இல்லை மாமி, பூநாரை" என்றாள் ஸ்ரீலேகா. "கொக்கு அந்தப் பக்கம். அதையும் காட்டறேன்."

"பாடத் தெரியுமாம்மா?"

"உள்ளான் குருவி மாதிரி விசில் அடிப்பேன்."

அடித்தும் காட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஜெயராமின் அம்மா உதட்டைக் குவித்துத் தானும் முயன்றுகொண்டிருந்தாள்.

ஜெயராம் முழுக்கைச் சட்டையில், பளபள ஷூவில், பரீட்சைக்கு வந்தவன் மாதிரி நின்றான். ஸ்ரீலேகா பைனாகுலரை நீட்டினாள்.

"தெரியறதா?"

"தெரியறதே! ரொம்ப அழகா இருக்கு."

"மூடியை எடுக்கலை நீங்க."

அவன் காது பூநாரை நிறத்துக்குப் போயிற்று. மூடியை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தான். அப்புறம் அவன் போட்ட சத்தம் வடாலா வரைக்கும் கேட்டிருக்கும். "அரே பாப்ரே!"

மொத்தக் கூட்டமும் எழும்பியது. இறக்கைக்கு அடியில் அவ்வளவு சிவப்பு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கறுப்பு விளிம்பும் சிவப்புமாக வானத்தில் ஒரு துணி விரிந்து, மடங்கி, கொஞ்சம் தள்ளி இறங்கியது. பறவையை விரட்டியதற்காக ஸ்ரீலேகா அவனைக் கடித்துக் குதறப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கல்லில் உட்கார்ந்து சிரித்தாள். ஷூவோடு ஒரு கால் சேற்றில் இறங்கிவிட்டது தெரியாமல் அவனும் சிரித்தான்.

ஆறிப்போன பஜ்ஜியை எல்லோரும் தின்றோம். நன்றாகவே இருந்தது.

7

இனி முடிவு. இருவரும் சரி சொன்னார்களா? எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். வேண்டுமானால் நீங்கள் கல்யாணம் செய்துவையுங்கள். வேண்டாம் என்றால் இருவரையும் அடுத்த ஞாயிறும் இதே கல்லில் உட்காரவையுங்கள். இரண்டுக்கும் இடம் விட்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் உங்களிடம் ஒப்படைத்துவிடுகிறேன். ஸ்ரீலேகாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நீங்களே தீர்மானியுங்கள்.

டாக்சிக்குக் காத்திருந்தபோது மாமி பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. பூநாரையைப் பார்த்து, கொக்கைப் பார்த்து, பெயர் தெரியாத பழுப்புப் பறவைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஸ்ரீலேகா தூரத்தில் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னாள்:

"குஞ்செல்லாம் நேத்து மத்தியானமே பறந்துபோயிடுத்து, சார். சொல்லியிருந்தா இவ என்னை இங்க அழைச்சுண்டு வந்திருப்பாளோ?"