தட்டுப் பனியில் ஒரு கொழுத்த சீல்

நான் மீன் ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே என் மனைவி பிபியானே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"சும்மா உக்காந்திருக்கற மனுசனுக்கு பனிவண்டி இழுக்கற நாய் இத்தனை எதுக்கு? இந்த வசந்தத்துல நீங்களா ஒரு சீல் வேட்டையாடிக் கொண்டுவாங்க. இல்லேன்னா நாயெல்லாம் என் தம்பிக்கு."

தம்பி ஊசார்கக், ஊரிலேயே பெரிய வேட்டைக்காரன் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்பவன், இளித்தான். "நாய்ங்க பேரெல்லாம் இப்பவே சொல்லிக்குடுத்துடுங்க மச்சான்."

அந்த ஆண்டுப் புயல், எங்கள் ஊர்க் குடாவின் உட்பக்கத்தில் உறைந்துகிடந்த கடல்பனியை நொறுக்கி, தேவாலய உயரத்துக்குக் குவித்திருந்தது. சரி, ஆள் உயரம். வெயில் காயக் கடலிலிருந்து பனிமேல் ஏறி வரும் சீல் அங்கே படுக்குமா? அது ஒரு நிமிடம் தூங்கும், தலை தூக்கிச் சுற்றிப் பார்க்கும், மறுபடி தூங்கும். குவியலுக்குப் பின்னால் கரடி வந்தால் தெரியாத இடத்தில் அதற்கு ஏது தூக்கம்? ஊர்ச் சீல் அத்தனையும், ஒரு லட்சமாவது இருக்கும், வெளிக்குடாவில் தட்டுப்போல் கிடந்த பனியில், விரிசல் ஓரமாகத்தான் படுத்திருக்கும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

போனேன். அங்கேதான் கிடந்தன.

வெள்ளைத் துணித் திரையை முன்னால் தள்ளிக்கொண்டு அதன் மறைவில் ஊர்வது எங்கள் வழக்கம். எனக்கெதற்குத் திரை? சீல்தோல் உடையோடு குப்புறப் படுத்தேன். தலையைத் தூக்கினேன், விலாவைச் சொறிந்தேன், கால்களைச் சேர்த்து ஆட்டினேன். ஒரு கிழட்டுச் சீல் என்னைப் பார்த்து, சொந்தக்காரன் என்று நம்பிக் கொட்டாவி விட்டது. இன்னும் கொஞ்சம் ஊர்ந்தால் போதும், சுட்டுவிடலாம்.

அப்போது எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் திரை நகர்ந்து வந்தது. நின்றது. அதன் ஓட்டையிலிருந்து துப்பாக்கிக் குழல் என் மூக்குக்கு நேராக நீண்டது.

"டேய்! நான்டா!"

"ஐயோ, சீல் பேசுது!" திரைக்குப் பின்னால் ஊசார்கக்கின் குரல்.

ஒரு லட்சமும் தண்ணீருக்குள் போயின.

இருவரும் வெறுங்கையோடு வீடு சேர்ந்தோம். நடந்ததை, குறைத்துத்தான், பிபியானேயிடம் சொன்னேன். அவள் தம்பியைப் பார்த்தாள்.

"நெசமாடா?"

"நல்லாக் கொழுத்துத் தெரிஞ்சுதுக்கா…"

அவள் சிரித்த சிரிப்பில் பனி இன்னொரு முறை பிளந்திருக்கும்.

"உன்கிட்ட நாயைக் குடுத்தா அதையும் சீல்னு சுட்டுருவடா." பிறகு என் பக்கம் திரும்பினாள். "என்னங்க, இன்னும் நிக்கறீங்க? போய் உங்க நாய்ங்களுக்குத் தீனி வைங்க."